பெயர் சொல்லாத ஆணையும் மன்னிப்புக் கேட்ட சட்டமும்

வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்திவரும் அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகத்தில், 2017 பிப்ரவரி 17 அன்று ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. 'தவறைத் திருத்துதல்: ஜப்பானிய அமெரிக்கர்களும் இரண்டாம் உலகப் போரும்' என்பது அதன் தலைப்பு. கடிதங்கள், பதக்கங்கள், கைவினைப் பொருட்கள் எனப் பல இருந்தாலும், கண்காட்சியின் மையம் இரண்டு ஆவணங்களே.

ஒன்று, 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் எண் நிர்வாக ஆணை. தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து இரவலாக வாங்கி வைத்திருந்தார்கள். மற்றொன்று, 1988 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட குடிமை உரிமைகள் சட்டம். முதல் ஆணை சுமார் 1,20,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றி முள்வேலிக்குள் அடைத்தது. இரண்டாவது சட்டம், செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டு அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

இரண்டு கையெழுத்துகளுக்கும் இடையே 46 ஆண்டுகள் ஓடிவிட்டன. அரசு தானாக மனம் மாறி மன்னிப்புக் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் ஆவணங்களைத் தேடினார்கள், சாட்சி சொன்னார்கள், நீதிமன்றப் படியேறினார்கள். அந்தக் கதை முஸ்லிம்களான நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கண்காட்சி திறப்பதற்குச் சரியாக மூன்று வாரங்களுக்கு முன்புதான், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதிக்கும் ஆணை பிறந்திருந்தது. இரண்டு நிகழ்வுகளுக்கும் உள்ள உறவைப் பின்னர் பார்ப்போம்.

ஆணையில் என்ன எழுதியிருந்தது?

1941 டிசம்பர் 7 அன்று ஹவாய் தீவுகளிலுள்ள பேர்ல் துறைமுகத்தை ஜப்பானியப் போர் விமானங்கள் தாக்கின. 2,400-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் உயிரிழந்தார்கள். அமெரிக்கா போரில் இறங்கியது. இரண்டரை மாதங்களுக்குள் 9066-ஆம் ஆணை வந்துவிட்டது.

அந்த ஆணையை முழுதாகப் படித்துப் பார்த்தாலும் 'ஜப்பான்' என்ற சொல் அதில் கிடையாது. உளவு, நாசவேலை ஆகியவற்றிலிருந்து நாட்டைக் காக்க வேண்டும் என்று அது தொடங்குகிறது. போர்த்துறைச் செயலரும் அவர் நியமிக்கும் படைத் தளபதிகளும் எந்த இடத்தையும் 'இராணுவப் பகுதி' என அறிவிக்கலாம், அங்கிருந்து எவரையும் அல்லது எல்லோரையும் வெளியேற்றலாம் என்று அதிகாரம் தருகிறது. எந்த இனத்தின் பெயரும் இல்லை, எந்த மதத்தின் பெயரும் இல்லை. படிப்பவருக்கு இது எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு ஏற்பாடு என்றே தோன்றும்.

யார் மீது அது பாய்ந்தது என்பதைப் பார்த்தால்தான் அதன் பொருள் புரியும். அன்று அமெரிக்கா ஜெர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளோடும் போரில் இருந்தது. அந்நாட்டவர்களில் சில ஆயிரம் பேர் தனித்தனியாகக் கைது செய்யப்பட்டார்கள், உண்மைதான். ஆனால் குழந்தை, முதியவர் என்ற வேறுபாடு பார்க்காமல், முன்னோரின் பூர்வீகம் ஒன்றையே காரணமாக வைத்து மேற்குக் கரையிலிருந்து முழுச் சமூகமாக அகற்றப்பட்டவர்கள் ஜப்பானிய வம்சாவளியினர் மட்டுமே. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள்.

மீதிப் பேர் ஏன் குடிமக்களாக இல்லை? பல பத்தாண்டுகள் அங்கே உழைத்து வாழ்ந்தும், ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறையினர் குடியுரிமை பெற அன்றைய சட்டம் அனுமதிக்கவில்லை. 1952-இல்தான் அந்தத் தடை நீங்கியது. கலிஃபோர்னியாவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் நிலம் வாங்குவதையும் தடுத்தது. குடியுரிமைக்கான கதவை அடைத்துவிட்டு, பிறகு 'அந்நியர்' என்று குற்றம் சாட்டினார்கள்.

அச்சம் சட்டமான விதம்

நிர்வாக ஆணை மட்டும் இருந்தால், அதை மீறுபவரை நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிப்பது கடினம். எனவே 1942 மார்ச் 21 அன்று 503-ஆம் எண் பொதுச் சட்டம் நிறைவேறியது. தளபதியின் உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். காங்கிரஸின் இரு அவைகளிலும் பெரிய விவாதம் நடக்கவில்லை. சில நாட்களில் ஒரு சமூகத்தின் நடமாட்டமே குற்றமாகிவிட்டது.

ஆதாரம் இருந்ததா? கடற்படை உளவு அதிகாரி கென்னத் ரிங்கிள் இந்தச் சமூகத்தை நெருங்கி ஆராய்ந்தவர். மிகப் பெரும்பான்மையினர் நாட்டுக்கு உண்மையானவர்கள், சந்தேகத்துக்குரியவர்களைத் தனித்தனியாக விசாரித்தால் போதும் என்பதே அவரது முடிவு. அதிபருக்காக கர்டிஸ் மன்சன் தயாரித்த அறிக்கையும் ஏறத்தாழ இதையே சொன்னது. இவை ஓரங்கட்டப்பட்டன.

மேற்குக் கரைத் தளபதி ஜான் டிவிட் முன்வைத்த வாதம் விசித்திரமானது. இதுவரை எந்த நாசவேலையும் நடக்கவில்லை என்பதே, இனி நடக்கப்போகிறது என்பதற்கான அபாய அறிகுறி என்று அவர் எழுதினார். குற்றம் செய்தாலும் சந்தேகம், செய்யாவிட்டாலும் சந்தேகம்! ஜப்பானிய விவசாயிகளோடு போட்டியிட்ட பண்ணை முதலாளிகளின் சங்கங்களும் வெளியேற்றத்தை வற்புறுத்தின. அவர்களுக்கு அந்த நிலங்கள் மீது கண் இருந்தது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. குண்டு விழுந்த ஹவாயில் ஜப்பானிய வம்சாவளியினர் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தார்கள். அங்கே மொத்த வெளியேற்றம் நடக்கவில்லை. அவர்களை அகற்றினால் தீவின் பொருளாதாரமே நின்றுவிடும் என்பது ஒரு முக்கியக் காரணம். உண்மையான இராணுவத் தேவை இருந்திருந்தால் முதலில் அங்கேயல்லவா அது தெரிந்திருக்க வேண்டும்?

சுவரொட்டியும் அடையாளச் சீட்டும்

ஆணை வருவதற்கு முன்பே கைதுகள் தொடங்கிவிட்டன. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட சில மணி நேரத்தில், முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்த பட்டியல்களோடு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வீடுகளுக்குச் சென்றார்கள். பௌத்த, ஷின்டோ மதகுருமார்கள், ஜப்பானிய மொழிப் பள்ளி ஆசிரியர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், சங்க நிர்வாகிகள் முதலில் பிடிபட்டார்கள். சமூகத்துக்கு வழிகாட்ட வேண்டியவர்கள் ஒரே இரவில் காணாமல் போனார்கள். எது ஆதாரமாகக் காட்டப்படுமோ என்று பயந்து, பல குடும்பங்கள் ஜப்பானிய மொழிக் கடிதங்களையும் புகைப்படங்களையும் நூல்களையும் கொல்லைப்புறத்தில் எரித்தன அல்லது புதைத்தன.

பிறகு மின்கம்பங்களிலும் கடைச் சுவர்களிலும் வெளியேற்ற ஆணைகள் ஒட்டப்பட்டன. இத்தகைய 108 ஆணைகள் வந்தன. முதலாவது, வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவுக்கு. 1942 மார்ச் 24 அன்று அறிவிப்பு, 30-ஆம் தேதிக்குள் அனைவரும் கிளம்ப வேண்டும். வீடு, தோட்டம், படகு, கடை எல்லாவற்றையும் விற்று முடிக்க ஆறு நாட்கள்.

இந்தச் சுவரொட்டிகள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. 'ஜப்பானிய வம்சாவளியினர் அனைவருக்கும்' என்று தொடங்கும் அவற்றில், 'அந்நியரும் அந்நியரல்லாதோரும்' வெளியேற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 'அந்நியரல்லாதோர்' என்றால் யார்? குடிமக்கள்தாம். சொந்தக் குடிமக்களைச் சிறைவைக்கிறோம் என்று எழுத அரசின் கை கூசியது போலும். 'வெளியேற்றம்', 'கூடுமிடம்', 'இடமாற்ற மையம்' என்று மென்மையான சொற்களையே அரசு கையாண்டது. 'சிறை' என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண். அந்த எண் எழுதிய சீட்டைப் பெட்டியிலும் சட்டையிலும் கட்டிக்கொள்ள வேண்டும். கையில் தூக்க முடிந்ததை மட்டுமே எடுத்துச் செல்லலாம். செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

சான் ஹோசே நகரைச் சேர்ந்த நார்மன் மினேட்டாவுக்கு அப்போது பத்து வயது. சாரணச் சிறுவர் சீருடையில், பேஸ்பால் மட்டையும் கையுமாக ரயிலேற வந்தான் அந்தச் சிறுவன். மட்டை ஆயுதமாகலாம் என்று ஒரு படைவீரர் அதைப் பிடுங்கிக்கொண்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

முள்வேலிக்குள் மூன்று ஆண்டுகள்

முகாம்கள் கட்டி முடிக்கும் வரை மக்களைக் குதிரைப் பந்தயத் திடல்களில் தங்கவைத்தார்கள். கலிஃபோர்னியாவின் சான்டா அனிட்டா, டான்ஃபோரான் திடல்களில் பல குடும்பங்கள் குதிரை லாயங்களில் படுத்துறங்கின. அவசரமாக வெள்ளையடித்திருந்தாலும் சாணி நாற்றம் போகவில்லை என்று அங்கே வாழ்ந்தவர்கள் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

பின்னர் பத்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். கலிஃபோர்னியாவில் மன்சனார், டூலி லேக், அரிசோனாவில் போஸ்டன், ஹீலா ரிவர், யூட்டாவில் டோபாஸ், ஐடஹோவில் மினிடோகா, வயோமிங்கில் ஹார்ட் மவுண்டன், கொலராடோவில் அமாச்சி, ஆர்கன்சாவில் ரோவர், ஜெரோம். பெரும்பாலும் பாலைவனம் அல்லது சதுப்பு நிலம். தார் பூசிய காகிதம் போர்த்திய மரக் கொட்டகைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பொதுச் சாப்பாட்டுக் கூடம். தடுப்புச் சுவர்கூட இல்லாத பொதுக் கழிவறைகள். பெண்கள் பட்ட அவமானத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் முள்வேலி, காவல் கோபுரம், உள்நோக்கித் திரும்பிய துப்பாக்கி.

லாஸ் ஏஞ்சலஸிலுள்ள ஜப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகம் ஹார்ட் மவுண்டன் முகாமின் கொட்டகை ஒன்றைப் பெயர்த்தெடுத்து வந்து காட்சிக்கு வைத்தது. 1992-இல் அந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்ட கட்டடமே ஒரு சாட்சிதான். அது பழைய பௌத்தக் கோயில். 1942-இல் மக்கள் தங்கள் உடைமைகளை அங்கே அடுக்கிவைத்துவிட்டு, அதன் வாசலில்தான் பேருந்து ஏறினார்கள்.

முகாம்களில் செய்யப்பட்ட பொருட்கள் பார்ப்பவரை நின்று கவனிக்கவைக்கும். கிடைத்த மரத்துண்டில் செதுக்கி வண்ணம் பூசிய சிறு பறவைகள். அவற்றின் கால்கள், சன்னல் வலையில் வெட்டியெடுத்த கம்பித் துண்டுகள். டோபாஸும் டூலி லேக்கும் ஒரு காலத்தில் ஏரிப் படுகைகளாக இருந்த இடங்கள் என்பதால், மண்ணைத் தோண்டிச் சிறு சிப்பிகளைப் பொறுக்கிப் பூக்களாக ஒட்டி அணிகலன் செய்தார்கள் பெண்கள். கையில் எதுவும் இல்லாதவர்கள் வாழ்வின் ஒழுங்கை விட்டுவிடாமல் இருக்கச் செய்த முயற்சி அது.

விசுவாசத்துக்கு ஒரு தேர்வு

1943-இல் முகாமிலிருந்த பெரியவர்கள் எல்லோரிடமும் ஒரு வினாத்தாள் கொடுக்கப்பட்டது. 27-ஆம் கேள்வி, அமெரிக்கப் படையில் பணியாற்றத் தயாரா என்பது. 28-ஆம் கேள்வி, அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் தெரிவித்து, ஜப்பானியப் பேரரசருக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறாயா என்பது.

அதில் ஒரு பொறி இருந்தது. இல்லாத விசுவாசத்தைக் 'கைவிடுகிறேன்' என்று எழுதினால், முன்பு இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா? அமெரிக்கக் குடியுரிமை மறுக்கப்பட்ட பெற்றோர், ஜப்பானையும் உதறிவிட்டால் நாடற்றவர்களாகிவிடுவார்களே? இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதியவர்களை டூலி லேக் முகாமுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஒரே குடும்பத்தில் தந்தை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்று பிளவு ஏற்பட்டது.

முள்வேலிக்குள்ளிருந்தும் ஹவாயிலிருந்தும் இளைஞர்கள் படையில் சேர்ந்தார்கள். அவர்களைக் கொண்டு அமைந்த 442-ஆவது படைப்பிரிவு ஐரோப்பாவில் போரிட்டது. 1944 அக்டோபரில் பிரான்ஸ் நாட்டின் வோஷ் மலைக்காடுகளில் சிக்கிக்கொண்ட டெக்சாஸ் படையினர் 211 பேரை மீட்க, அதைவிடப் பல மடங்கு வீரர்கள் மாண்டும் காயமுற்றும் போனார்கள். இந்தப் படைப்பிரிவும் அதனோடு இணைந்த 100-ஆவது பட்டாலியனும் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கங்கள் 21 பெற்றன. அவற்றில் 20 பதக்கங்கள் 2000-ஆம் ஆண்டில்தான் வழங்கப்பட்டன. மகன் போர்க்களத்தில் இருக்க, தாய் முள்வேலிக்குள் இருந்தாள்.

வேறு வழியில் நின்றவர்களும் உண்டு. ஹார்ட் மவுண்டன் முகாமில் 63 இளைஞர்கள், எங்கள் குடும்பங்களை விடுவியுங்கள், பிறகு படையில் சேருகிறோம் என்று சொல்லிச் சிறை சென்றார்கள். 1947-இல் அதிபர் ட்ரூமன் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். நீண்ட காலம் அவர்களைச் சொந்தச் சமூகமே கோழைகள் என்று ஏசியது. இன்று இரு தரப்பாரின் கதையையும் அருங்காட்சியகங்கள் சேர்த்தே சொல்கின்றன.

உச்ச நீதிமன்றத்தில் நடந்தது

ஓக்லந்தில் பிறந்த ஃபிரெட் கொரமாட்சு வெளியேற மறுத்துக் கைதானார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1944 டிசம்பர் 18 அன்று, ஆறு நீதிபதிகள் அரசின் பக்கமும் மூவர் எதிராகவும் தீர்ப்பளித்தனர். இராணுவத் தேவை இருந்தது என்று அரசு சொன்னதை நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டது. எதிர்த்து எழுதிய நீதிபதி ராபர்ட் ஜாக்சன், இந்தத் தீர்ப்பு குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் போலக் கிடக்கும், நாளை அவசரத் தேவை என்று சொல்லி யார் வேண்டுமானாலும் அதைக் கையிலெடுப்பார் என்று எச்சரித்தார்.

அதே நாளில் மிட்சுயே எண்டோ என்ற பெண்ணின் வழக்கில், விசுவாசமான குடிமகளைத் தடுத்துவைக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. முகாம்கள் படிப்படியாக மூடப்பட்டன. கடைசி முகாமான டூலி லேக் 1946 மார்ச்சில் மூடப்பட்டது. திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை.

காப்பகத்தில் கிடைத்த ஒரு பிரதி

போருக்குப் பின் முதல் இரு தலைமுறையினரும் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. நடந்ததை அவமானமாக நினைத்துப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் விட்டார்கள். கேள்வி கேட்டது மூன்றாம் தலைமுறை. 1969-இல் மன்சனார் முகாம் இருந்த இடத்துக்கு ஆண்டுதோறும் செல்லும் நினைவுப் பயணம் தொடங்கியது. 1971-இல், நெருக்கடிக் காலத்தில் சந்தேகப்படுவோரை முகாமில் அடைக்க வழிசெய்த 1950-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு, ஜப்பானிய அமெரிக்கர்களின் முயற்சியால் நீக்கப்பட்டது. 1976-இல் அதிபர் ஃபோர்டு 9066-ஆம் ஆணை முடிவுக்கு வந்ததாக முறையாக அறிவித்தார்.

திருப்புமுனையை ஏற்படுத்தியவர் ஐகோ ஹெர்சிக் யோஷினாகா. 1942-இல் பள்ளி இறுதியாண்டு மாணவி. ஜப்பானிய மாணவர்களுக்குச் சான்றிதழ் தர முடியாது என்று தலைமையாசிரியர் மறுத்துவிட, மன்சனாருக்கு அனுப்பப்பட்டவர். அவர் வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. வாஷிங்டனில் குடியேறிய பின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நாள் தவறாமல் சென்று, முகாம் தொடர்பான தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துக் குறித்து வைத்தார்.

1982-இல் காப்பகத்தின் மேசையொன்றில் ஓர் அறிக்கை அவர் கண்ணில் பட்டது. தளபதி டிவிட்டின் இறுதி அறிக்கையின் முதல் வடிவம் அது. அதன் பிரதிகளை இராணுவம் எரித்துவிட்டு, திருத்திய வடிவத்தை வெளியிட்டிருந்தது. ஒரே ஒரு பிரதி தப்பியிருந்தது. ஒவ்வொருவராக விசாரிக்க நேரம் இல்லை என்று அரசு நீதிமன்றத்தில் வாதிட்டிருந்தது. ஆனால் முதல் வடிவமோ, நேரம் ஒரு பிரச்சினையே இல்லை, இந்த இனத்தில் நல்லவரையும் கெட்டவரையும் பிரித்தறியவே முடியாது என்று சொன்னது. முடிவுக்குக் காரணம் இனவெறி என்பதற்கு அரசின் சொந்தத் தாளே சாட்சியாகிவிட்டது.

அதே காலத்தில் சட்ட அறிஞர் பீட்டர் அயன்ஸ், ஆதாரங்களை உச்ச நீதிமன்றத்திடம் மறைக்கிறோம் என்று அரசு வழக்கறிஞர்களே எழுதிய குறிப்புகளைக் கண்டெடுத்தார். இவற்றை வைத்து, பெரும்பாலும் முகாம்வாசிகளின் பிள்ளைகளான இளம் வழக்கறிஞர்கள் கட்டணமின்றி வழக்கு நடத்தினார்கள். 1983 நவம்பர் 10 அன்று நீதிபதி மர்லின் ஹால் படேல், கொரமாட்சுவின் தண்டனையை ரத்து செய்தார். 2011-இல், இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த நீல் கட்யால் அரசின் தற்காலிகத் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது, ரிங்கிள் அறிக்கையை அன்றைய அரசு உச்ச நீதிமன்றத்திடம் மறைத்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

மன்னிப்பும் இழப்பீடும்

1980-இல் காங்கிரஸ் ஓர் ஆணையத்தை அமைத்தது. 1981-இல் பல நகரங்களில் நடந்த விசாரணைகளில் 750-க்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். நாற்பதாண்டுகள் மனத்தில் பூட்டிவைத்ததை முதியவர்கள் மேடையில் அழுதபடி சொல்ல, அவர்களின் பிள்ளைகளே முதன்முறையாகக் கேட்டார்கள். மேற்குக் கரையில் ஜப்பானிய வம்சாவளியினர் செய்ததாக ஓர் உளவுச் செயலோ நாசவேலையோ பதிவாகவில்லை என்று ஆணையம் கண்டது. இனவெறுப்பு, போர்க்கால வெறி, அரசியல் தலைமையின் தோல்வி ஆகிய மூன்றுமே காரணம் என்று 1983-இல் அறிக்கை தந்தது.

அதன் அடிப்படையில் வந்ததே 1988-ஆம் ஆண்டுச் சட்டம். 442-ஆவது படைப்பிரிவின் நினைவாகப் பிரதிநிதிகள் சபையில் அந்த மசோதாவுக்கு 442 என்ற எண் தரப்பட்டது. அதற்காக முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர், அப்போது காங்கிரஸ் உறுப்பினராக இருந்த நார்மன் மினேட்டா. மட்டையைப் பறிகொடுத்த அதே சிறுவன்.

உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் அதிபரின் மன்னிப்புக் கடிதமும் கிடைத்தன. 1990 அக்டோபர் 9 அன்று நடந்த முதல் நிகழ்ச்சியில், 107 வயது முதியவர் உள்ளிட்டோர் சக்கர நாற்காலிகளில் வந்திருந்தார்கள். அரசின் தலைமைச் சட்ட அதிகாரி அவர்கள் முன் மண்டியிட்டுக் காசோலையைக் கொடுத்தார். மொத்தம் 82,000-க்கும் மேற்பட்டோர் பெற்ற தொகை சுமார் 160 கோடி டாலர். ஆனால் சட்டம் வருமுன் இறந்துபோனவர்களுக்கு எதுவும் இல்லை. கடையையும் நிலத்தையும் இழந்தவர்களுள் பலர் அந்த முதல் தலைமுறையினர்தாம்.

அமானிதம் காத்த அண்டை வீட்டார்

பெரும்பாலான அண்டை வீட்டார் மௌனமாக இருந்தார்கள். சிலர் மலிவு விலைக்குப் பொருட்களை வாங்கிக்கொண்டார்கள். வேறு மாதிரியும் சிலர் இருந்தார்கள். சாக்ரமென்டோ அருகே ஃப்ளோரின் ஊரில் பாப் ஃபிளெட்சர் என்பவர் அரசு வேலையை விட்டுவிட்டு, மூன்று ஜப்பானியக் குடும்பங்களின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டார். கடன் தவணையும் வரியும் கட்டினார். இலாபம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லியும், பாதியை மட்டும் எடுத்து மீதியை வங்கியில் போட்டுவைத்தார். ஊரார் ஏசினார்கள், துப்பாக்கியால் சுட்டும் மிரட்டினார்கள். அவர்கள் திரும்பியபோது தோட்டமும் பணமும் அப்படியே இருந்தன. நம் வழக்கில் சொன்னால், அமானிதத்தைக் காப்பாற்றினார்.

சான் டியாகோ நூலகர் கிளாரா பிரீட், தம் நூலகத்துக்கு வந்துபோன குழந்தைகளை ரயில் நிலையத்தில் சந்தித்து, தபால்தலை ஒட்டித் தம் முகவரி எழுதிய அட்டைகளைக் கொடுத்தார். முகாமிலிருந்து அவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களைப் பத்திரப்படுத்தினார். இன்று அவை லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தின் அரிய சொத்து. குழந்தைகள் அன்றன்று எழுதியவை என்பதால், முகாம் வாழ்க்கைக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது.

செப்டம்பர் 11-க்குப் பிறகு

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தபோது அமெரிக்கப் போக்குவரத்துத் துறைச் செயலராக இருந்தவர் யார் தெரியுமா? நார்மன் மினேட்டா. முஸ்லிம்களையும் அரபுகளையும் விமானத்தில் ஏற்றக் கூடாது, ஓரிடத்தில் அடைத்துவைக்க வேண்டும் என்றெல்லாம் குரல்கள் எழுந்தன. மறுநாள் நடந்த கூட்டத்தில் இந்தக் கவலை பேசப்பட்டபோது, 1942-இல் மினேட்டாவுக்கு நேர்ந்தது இன்று யாருக்கும் நேரக் கூடாது என்று அதிபர் ஜார்ஜ் புஷ் சொன்னார். இனத்தையும் மதத்தையும் பார்த்துப் பயணிகளைத் தடுக்கக் கூடாது என்று மினேட்டாவின் துறை விமான நிறுவனங்களுக்கு எழுதியது.

ஆனால் அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2002-இல் வந்த சிறப்புப் பதிவுத் திட்டம், 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்களைக் குறிவைத்தது. வடகொரியா தவிர மற்றவை அனைத்தும் முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள். 80,000-க்கும் மேற்பட்டோர் கைரேகை கொடுத்துப் பதிவு செய்தார்கள். சுமார் 13,000 பேர் மீது நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கியது. அந்தப் பதிவின் மூலம் ஒருவர்கூடப் பயங்கரவாதக் குற்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

முதிய வயதிலிருந்த கொரமாட்சு, குவான்டனாமோ சிறையில் விசாரணையின்றி அடைபட்ட முஸ்லிம்களுக்காக 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆதரவு மனு தாக்கல் செய்தார். 2005-இல் அவர் காலமான பிறகு மகள் கேரன் கொரமாட்சு அந்தப் பணியைத் தொடர்ந்தார். 2017-ஆம் ஆண்டுப் பயணத் தடைக்கு எதிரான வழக்கிலும் அவர் மனு செய்தார். அந்த வழக்கில் தடையை எதிர்த்து வாதாடியவர் அதே நீல் கட்யால்.

2018 ஜூன் 26 அன்று தீர்ப்பு வந்தது. ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் பயணத் தடையை ஏற்றது. அதே தீர்ப்பில், கொரமாட்சு வழக்கின் முடிவு வழங்கப்பட்ட அன்றே மிகத் தவறானது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். பழைய தவறைக் கண்டித்துவிட்டு அதே அபாயகரமான தர்க்கத்தையே மீண்டும் பயன்படுத்துகிறீர்கள் என்று எதிர்த்து எழுதினார் நீதிபதி சோனியா சோட்டோமேயர். புதிய ஆணையிலும் 'முஸ்லிம்' என்று எழுதவில்லை, நாடுகளின் பெயர்களே இருந்தன. 2021 ஜனவரி 20 அன்று அதிபர் பைடன் அந்தத் தடையை நீக்கினார்.

இன்று மன்சனாருக்கு ஏப்ரல் மாதம் செல்லும் நினைவுப் பயணத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதி முஸ்லிம்களும் கலந்துகொள்கிறார்கள். தங்களுக்காக 1942-இல் யாரும் பேசவில்லை என்பதை மறக்காத அந்தச் சமூகம், 2001-இல் முஸ்லிம்களுக்காக முதலில் பேசியவர்களில் ஒன்றாக இருந்தது. அந்த நட்பு இருபதாண்டுகள் கடந்தும் நீடிக்கிறது.

பெயர்களின் நூல்

2022-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய நூல் வைக்கப்பட்டது. 'இரெய்ச்சோ' என்பது அதன் பெயர். போர்க்காலத்தில் அடைத்துவைக்கப்பட்ட 1,25,284 பேரின் பெயர்களும், வயதில் மூத்தவர் முதல் இளையவர் வரை, பிறந்த ஆண்டு வரிசையில் அதில் உள்ளன. அத்தனை பேரின் முழுப் பட்டியல் அதுவரை எங்கும் இல்லை. வந்தவர்கள் தங்கள் பாட்டனார், தாயார் பெயரைத் தேடி, அதன் கீழே சிறு நீலப் புள்ளி முத்திரை ஒன்றை இட்டார்கள். எழுத்துப் பிழையோ விடுபட்ட பெயரோ இருந்தால் குடும்பத்தினர் தெரிவிக்கலாம், திருத்துகிறார்கள். குடும்ப எண்ணாக மாற்றப்பட்டவர்களுக்கு அவர்களின் பெயரைத் திருப்பித் தரும் முயற்சி இது.

இந்த வரலாற்றிலிருந்து குடும்பங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. சட்டம் ஒன்று வரும்போது அதில் நம் பெயர் இல்லையே என்று நிம்மதியடைவது போதாது. அது யாருக்கு என்ன அதிகாரம் தருகிறது, மீறினால் தண்டனை என்ன, நீதிமன்றம் தலையிட வழி இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது சட்டம் படித்தால், வரலாறு படித்தால், அதைப் பிழைப்புக்கான படிப்பாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்தது வீட்டுக்குள் செய்ய வேண்டியது. கண்காட்சிகளில் இன்று கண்ணாடிக்குள் இருக்கும் அடையாளச் சீட்டும் கடிதமும் மரப்பறவையும், யாரோ ஒரு வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததால்தான் நமக்குக் கிடைத்தன. பயந்து எரித்தவர்களின் வீட்டுக் கதை அவர்களோடு போய்விட்டது. பிறப்புச் சான்று, நிலப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், வெளிநாட்டிலிருந்து பாட்டனார் எழுதிய கடிதம் ஆகியவற்றைப் பிரதியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் எங்கே பிறந்தார்கள், எப்போது இந்த ஊருக்கு வந்தார்கள், என்னவெல்லாம் இழந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஐகோ ஹெர்சிக் யோஷினாகாவிடம் பட்டமோ பதவியோ இருக்கவில்லை. தாள்களைப் பொறுமையாகப் படித்துக் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தது. அதுவே அரசின் வழக்கைக் கவிழ்த்தது.